இருகண் நோக்கின் மறைபொருள் கண்ட சார்லஸ் வீட்ஸ்டோனார்

உறுப்புக்களுள் கண்ணே தலைசிறந்தது என்பர் ஆன்றோர். அக்கண் ஏன் இரண்டாய் அமைந்தது? ஒன்று பழுதுற்ற காலத்து மற்றொன்று உதவும் பொருட்டோ? முகத்தின் அழகு கருதியோ? இவ்வினாவைச் சிறு பிள்ளையும் கேட்கும். ஆயினும், சோதனை வாயிலாக இதற்குத் தெளிந்த விடை உலகிற்குக் கிடைத்தது 1838 ஆம் ஆண்டிலேதான். அவ்விடையை அளித்த பெரியார் சார்லஸ் வீட்ஸ்டோனார். பௌதிகச் சோதனைச் சாலையில் மின்தடையை அளக்கும் வீட்ஸ்டோன் சமனச்சுற்றைக் கையாண்ட மாணவர் அனைவரும் அவர்தம் பெயரை அறிவர். அவர்தம் வாழ்வை அறிந்தார் மிகச் சிலரே.

தமிழ் பயிலும் யாம் ஒரு விஞ்ஞானியின் வாழ்வை எழுதப் புகுந்தது ஏன் என நண்பர்கள் வினவக்கூடும். அதன் காரணம் எம் விடுதியிலே பிறந்தது. விடுமுறை நாளொன்றில் அன்பர் ஒருவர் கையடக்கமான வீடியோ விளையாட்டுப் பெட்டி ஒன்றைக் கொணர்ந்தார். அதன் திரையை நோக்கினார்க்கு மரமும் மாளிகையும் தட்டையாக இன்றி, ஆழமும் திண்மையும் உடையனவாய்த் தோன்றின. ஒவ்வொருவரும் வாங்கி நோக்கி வியந்தனர். இளமையிலேயே ஒரு கண்ணின் பார்வையை இழந்த எம் அறைத்தோழர் மட்டும் நெடுநேரம் நோக்கிய பின் ஒன்றும் கூறாது பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அவர்க்கு அது தட்டையான படமாகவே இருந்தது.

அன்றிரவு விடுதியிற் சொற்போர் மூண்டது. இனி வரும் வீட்டு விளையாட்டுப் பெட்டிகள் யாவும் இத்தகைய திண்மைக் காட்சியையே தரல் வேண்டும் என்றனர் ஒரு சாரார். அது பன்முறை வந்து பன்முறை மறைந்த வெறும் வித்தை. அது வேண்டா என்றனர் மற்றொரு சாரார். அறைத்தோழர் எப்பக்கமும் பேசினாரல்லர். அவ்வழக்கிற்குச் சான்று தேடிச் சென்ற யாம், வீட்ஸ்டோனாரிடம் வந்து சேர்ந்தோம்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரை அடுத்த பார்ன்வுட் என்னும் சிற்றூரில் 1802 ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 6 ஆம் நாள் வீட்ஸ்டோனார் பிறந்தார். தந்தையார் இசைக்கருவி வணிகர். நான்கு ஆண்டுகட்குப் பின் குடும்பம் இலண்டன் மாநகரில் குடியேறிற்று. ஏறக்குறையப் பதினான்காம் வயதில், அந்நகரில் இசைக்கருவி செய்து விற்றுவந்த தந்தையின் உடன்பிறந்தாரிடம் அவர் தொழில் பயில விடப்பட்டார். ஆயினும், கடையில் இருந்து வாணிகம் செய்வதினும் நூல்களில் ஆழ்ந்திருப்பதே அவர்க்கு இன்பமாயிற்று.

எம்மைப் போலப் பத்தொன்பது வயதினராய் இருந்தபோது, 1821 ஆம் ஆண்டில், அவர் இலண்டன் மக்களை ஒரு புதுமையால் மருட்டினார். மேல்தளத்திலிருந்து யாழ் ஒன்று கம்பியால் தொங்கவிடப்பட்டிருந்தது. தீண்டுவார் ஒருவரும் இலராகவும், அந்த யாழிலிருந்து இன்னிசை எழுந்தது. கேட்டவர் திகைத்தனர். மறைபொருள் இதுதான்: மேலறையில் இசைவாணர் வேறு கருவிகளை இசைத்தனர், அவ்வொலி கம்பியின் வழியே இறங்கி யாழின் உடலை அதிரச் செய்தது. திண்பொருள் வாயிலாக ஒலி செல்லும் என்னும் இயற்கை உண்மையே அங்கு மாயம்போல் நின்றது. மக்கள் விளையாட்டாகக் கண்டதை அவர் வினாவாகக் கண்டார். இவ்வியல்பு அவர்தம் வாழ்நாள் முழுவதும் தொடர்ந்து வந்தது.

1823 ஆம் ஆண்டில் தொழில் ஆசிரியராகிய உறவினர் இறக்கவே, அவரும் அவர்தம் தம்பியாரும் கடையை ஏற்றனர். விரற்கட்டைகளை அழுத்தித் துருத்தியால் இசைக்கும் ஆங்கிலக் கான்செர்ட்டினா அவர் படைத்ததே.

ஆசிரியப் பதவி

பல்கலைக்கழகப் பட்டம் யாதும் பெறாத இவ்விசைக்கருவி வணிகரை இலண்டன் கிங்ஸ் கல்லூரி 1834 ஆம் ஆண்டில் சோதனைத் தத்துவப் பேராசிரியராக அமர்த்தியது. அவ்வாண்டிலேயே, அரை மைல் நீளமுள்ள கம்பியில் மின்சாரம் பாயும் விரைவை அளக்க முனைந்து, மிக விரைந்து சுழலும் ஆடி ஒன்றைத் துணைக்கொண்டார். அவர் கண்ட எண் பிழையுடையது. ஆயினும், சுழலாடி என்னும் அவ்வழி பிழைபடவில்லை. பின்னாளிற் பிரெஞ்சு அறிஞர் பூக்கோ ஒளியின் விரைவை அளக்கச் சுழலாடியையே பயன்படுத்தினார்.

ஆசிரியராயினும் வீட்ஸ்டோனார் அவைக்கு அஞ்சும் இயல்பினர். நண்பர் நடுவில் ஆறுபோற் பெருகும் அவர்தம் பேச்சு, அவை முன்னே வறண்டுபோகும். ஆதலின் அவர்தம் ஒலி ஆராய்ச்சிகளை ராயல் இன்ஸ்டிடியூஷன் மன்றத்தில் மைக்கேல் பாரடே என்னும் பேரறிஞரே விளக்கி உரைத்தார். கல்லூரியில் விரிவுரை நிகழ்த்துதலையும் அவர் விரைவில் கைவிட்டார். எனினும் பதவி இறுதிவரை அவரிடமே இருந்தது. பேச நாணியவர் கருவிகளைப் பேசவிட்டார் எனலாம்.

இரு கண்களின் வினா

விரல் ஒன்றை முகத்தின் முன் நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடி நோக்குக. விரல் இடம் பெயர்வது போலத் தோன்றும். கண்கள் இரண்டும் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் இடையிட்டு அமைந்தமையின், அண்மையிலுள்ள பொருளை அவை வெவ்வேறு கோணத்தில் நோக்குகின்றன. இவ்வேறுபாட்டை யூக்ளிடும் கேலனும் முன்னரே அறிந்திருந்தனர். ஓவியம் எத்துணைத் திறம்படத் தீட்டப்பட்டாலும் உண்மைப் பொருள்போல் திரண்டு நில்லாமைக்கு இதுவே காரணம் என்பதை லியோனார்டோ டா வின்சியும் உய்த்துணர்ந்தார். இரு படங்கள் எவ்வாறு ஒரு பொருளாகத் தோன்றுகின்றன என்பதே கற்றாரை மயக்கிய புதிர். அவ்வேறுபாட்டிலிருந்தே மனம் ஆழத்தை உணர்கின்றது என மெய்ப்பித்துக் காட்டியவர் வீட்ஸ்டோனாரே.

அவர் செய்த கருவி எளியது. இரண்டு ஆடிகளைச் செங்கோணமாகச் சேர்த்து முகத்தின் முன் நிறுத்தினார். வலப்புறம் ஒரு படமும் இடப்புறம் ஒரு படமும் வைத்தார். வலக்கண் வலப்படத்தையும் இடக்கண் இடப்படத்தையும் ஆடியின் வழியே காணும். ஒரு பொருளை ஒவ்வொரு கண்ணும் எவ்வாறு காணுமோ அவ்வாறே அப்படங்கள் வரையப்பட்டிருந்தன. நோக்கிய அளவில் இரண்டும் ஒன்றாகித் திண்பொருளாய் எழுந்து நின்றன. திண்மை, நோக்குதல் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்து ஸ்டீரியாஸ்கோப் எனப் பெயரிட்டார். 1832 ஆம் ஆண்டளவில் உருப்பெற்ற அக்கருவியைப் பற்றிய கட்டுரை, 1838 ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 21 ஆம் நாள் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டது. அதன்பொருட்டு 1840 ஆம் ஆண்டில் அக்கழகத்தின் அரச பதக்கம் அவர்க்கு வழங்கப்பெற்றது.

அன்று புகைப்படக்கலை உலகறியத் தோன்றவில்லை. ஆகவே அவர் கோட்டுருவங்களையே வரைந்தார். நிழலும் வண்ணமும் அற்ற வெறுங்கோடுகள் அவர்தம் நோக்கத்திற்கு மிகவும் ஏற்றனவாயின. ஏனெனில், நிழலே ஆழத்தைக் காட்டிற்று என்று கூற எவர்க்கும் இடமில்லை. மற்றொரு சோதனையில், ஒரு கண்ணுக்கு ஓரெழுத்தும் மறு கண்ணுக்கு வேறோர் எழுத்தும் காட்டினார். அவை கலவாது, மாறி மாறித் தோன்றின. இருகண் காட்சி என்பது கண்ணளவில் நிற்பதன்று, மனத்தின் செயலும் அதன்கண் உண்டு என்பது புலனாயிற்று.

அக்கட்டுரையின் ஓரிடம் எம் நெஞ்சை ஈர்த்தது. இரு கண்ணின் சிறப்பைக் கூறப் புகுந்த வீட்ஸ்டோனார், ஒரு கண் இழந்தாரையும் மறந்தாரல்லர். பொருள் தொலைவில் இருக்குங்கால் இரு கண்களும் ஏறக்குறைய ஒரே படத்தைப் பெறுவதால், அங்கே இரண்டிற்கும் ஒன்றிற்கும் வேறுபாடு இல்லை என்கிறார். அண்மைப் பொருளை நோக்குங்கால் ஒற்றைக் கண்ணர் தம் குறையை அறியாமலே நிறைவு செய்துகொள்கின்றனர் என்றும், அதற்கு அவர் கொள்ளும் தலைமையான வழி தலையை அசைத்தலே என்றும் விளக்குகிறார். இருகண் ஒருங்கே தரும் இரு தோற்றங்களை, அசையும் ஒரு கண் அடுத்தடுத்துப் பெற்றுவிடுகின்றது. இதனை வாசகர் நினைவிற் கொள்க.

தந்தியும் பிறவும்

1837 ஆம் ஆண்டில் வில்லியம் குக் என்பாருடன் கூடி, ஐந்து ஊசிகளால் எழுத்தைக் காட்டும் மின்தந்திக்கு உரிமை பெற்றார். குக் முன்னர்ச் சென்னைப் படையில் அலுவல் பார்த்தவர். அவ்வாண்டு ஜூலைத் திங்கள் 25 ஆம் நாள் இலண்டனில் யூஸ்டனுக்கும் காம்டன் நகருக்கும் இடையே தந்தி செய்தியைக் கொண்டு சென்றது. பின்னர்த் தந்தியைக் கண்டவர் யார் என்பது பற்றி இருவர்க்கும் மனக்கசப்பு விளைந்தது. 1841 ஆம் ஆண்டில் நடுவராய் அமர்ந்த மார்க் புரூனெலும் பேராசிரியர் டேனியலும் இருவர் பங்கையும் பாராட்டி முடிவு கூறினர். செயலிற் கொணர்ந்த பெருமை குக்கிற்கும், அறிவியல் நெறியில் அதற்கு வழிகோலிய பெருமை வீட்ஸ்டோனார்க்கும் உரியவாயின.

பெயரின் வேடிக்கையைக் காண்க. மாணவர் அறிந்த வீட்ஸ்டோன் சமனச்சுற்றை முதலில் வகுத்தவர் சாமுவேல் கிறிஸ்டி என்பார். வீட்ஸ்டோனார் 1843 ஆம் ஆண்டில் அதனை விளக்கிப் பயனறியச் செய்தார். கிறிஸ்டியின் பெயரையும் மறையாது கூறினார். ஆயினும் உலகம் கிறிஸ்டியை மறந்தது. மறைமொழி எழுதுவார் கையாண்ட பிளேபேர் முறையோ 1854 ஆம் ஆண்டில் வீட்ஸ்டோனார் வகுத்தது. அதனைப் பரப்பிய நண்பர் பிளேபேரின் பெயரே அதற்கு நின்றுவிட்டது.

இரண்டாம் ஆராய்ச்சி

1852 ஆம் ஆண்டில் அவர் ராயல் சொசைட்டியில் தம் கண்ணாராய்ச்சியின் இரண்டாம் பகுதியை வெளியிட்டார். அண்மைப் பொருளை நோக்குங்கால் இரண்டு செயல்கள் ஒருங்கு நிகழ்கின்றன: கண்கள் இரண்டும் உட்புறமாகக் குவிகின்றன, கண்ணினுள் அமைந்த வில்லையும் அத்தொலைவிற்கேற்பத் தன் வடிவை மாற்றுகின்றது. இயற்கையில் இவ்விரண்டும் இணைபிரியா. வீட்ஸ்டோனார் தம் கருவிக்கு அசையும் கைகளைப் பொருத்தி அவற்றைப் பிரித்தார். படத்தின் அளவும் தொலைவும் மாறாதிருக்கவும், கண்கள் உட்குவியக் குவிய உருவம் சிறுத்துத் தோன்றியது. வலக்கண் காட்சியையும் இடக்கண் காட்சியையும் தலைமாற்றும் வேறொரு கருவியும் செய்தார். அதன்வழி நோக்கியவர்க்குத் தேநீர்க் கிண்ணத்தின் உட்குழி புறத்தே புடைத்துத் தோன்றியது.

கருவி விளையாட்டுப் பொருளாதல்

ஸ்காட்லாந்து அறிஞர் டேவிட் புரூஸ்டர் 1849 ஆம் ஆண்டில் ஆடிகளுக்கு மாறாக வில்லைகளைப் பொருத்திச் சிறிய பெட்டி வடிவில் ஸ்டீரியாஸ்கோப்பை அமைத்தார். பாரிஸ் நகரத்து டுபோஸ்க் என்பார் அதனைச் செய்து விற்றார். 1851 ஆம் ஆண்டு இலண்டன் பெருங்காட்சியில் விக்டோரியா அரசியார் அதனைக் கண்டு மகிழவே, அது வீடுதோறும் பரவத் தொடங்கிற்று. 1854 ஆம் ஆண்டில் இலண்டனில் இதற்கெனவே ஒரு வணிகக் கழகம் எழுந்தது. எகிப்தின் கோபுரங்களையும் சுவிட்சர்லாந்தின் மலைகளையும் மக்கள் தம் கூடத்தில் இருந்தபடியே கண்டனர்.

புகழ் பெருகியபோது பூசலும் பெருகிற்று. கருவியை முதலிற் கண்டவர் வீட்ஸ்டோனார் அல்லர் என 1856 ஆம் ஆண்டில் புரூஸ்டர் இதழ்களில் எழுதினார். அவைக்கு அஞ்சிய வீட்ஸ்டோனார் எழுதுகோலுக்கு அஞ்சவில்லை. நாள் கூறி, சான்று காட்டி மறுமொழி விடுத்தார். பிற்காலத்தார் வீட்ஸ்டோனார் பக்கமே தீர்ப்புக் கூறினர். ஆயினும், புரூஸ்டரின் எளிய பெட்டியின்றி அக்கருவி மக்களிடம் சென்றிராது என்பதையும் நடுநிலையாளர் மறுத்தற்கில்லை.

1847 ஆம் ஆண்டில் எம்மா வெஸ்ட் என்னும் அம்மையாரை மணந்து ஐந்து மக்களைப் பெற்ற அவர், பின்னர் மனைவியாரை இழந்தார். 1868 ஆம் ஆண்டில் சர் பட்டம் பெற்றார். 1875 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 19 ஆம் நாள் பாரிஸ் நகரில் உயிர் நீத்தார். அவர்தம் நூல்களும் கருவிகளும் அவர் விரும்பியவாறே கிங்ஸ் கல்லூரிக்கு உரியவாயின.

அவர்க்குப் பின்

அவர் மறைந்தும் அவர்தம் கருவி மறையவில்லை. வீட்டு வீடியோ விளையாட்டுப் பெட்டிகள் தோன்றிய பின், 1987 ஆம் ஆண்டில் சேகா, நிண்டெண்டோ என்னும் ஜப்பானியக் கழகங்கள், இரு கண்களையும் மாறி மாறி மறைக்கும் மூக்குக்கண்ணாடிகளை வெளியிட்டன. 1995 ஆம் ஆண்டில் நிண்டெண்டோ வர்ச்சுவல் பாய் என்னும் பெட்டியைத் தந்தது. மேசைமேல் நிறுத்தி, முகத்தை அதன்கண் பதித்து, செந்நிற ஒளியால் மட்டும் ஆன காட்சியைக் காணல் வேண்டும். ஏறக்குறைய 7,70,000 பெட்டிகளே விற்க, ஓராண்டிற்குள் அதன் கதை முடிந்தது. 2010 ஆம் ஆண்டில் சோனியின் பிளேஸ்டேஷன் 3 பெட்டி, கண்ணாடி அணிந்து காணும் தொலைக்காட்சிக்கேற்ற விளையாட்டுக்களை அளித்தது. 2017 ஆம் ஆண்டளவில் பெருநிறுவனங்கள் அத்தகைய தொலைக்காட்சிகளைக் கைவிட்டன.

2011 ஆம் ஆண்டில் வெளிவந்த நிண்டெண்டோ 3டிஎஸ் என்னும் கையடக்கப் பெட்டி கண்ணாடியின்றியே ஆழத்தைக் காட்டிற்று. 2020 ஆம் ஆண்டில் அதன் ஆக்கம் நிற்கும் வரையில் அவ்வகைப் பெட்டிகள் 7½ கோடிக்கு மேல் விற்றன. ஆயினும் இதில் ஒரு நுட்பம் உண்டு. ஆழத்தைக் கூட்டவும் குறைக்கவும் முற்றும் அணைக்கவும் அதன் ஓரத்தில் ஒரு நகர்த்தி இருந்தது. 2013 ஆம் ஆண்டில் ஆழமே காட்டாத 2டிஎஸ் என்னும் பெட்டியும் வந்தது. அவ்விளையாட்டுக்கள் அதிலும் குறைவின்றி ஆடப்பட்டன. விளையாட்டிற்கு ஆழம் அணியாயிற்றேயன்றி உயிராகவில்லை.

யாம் கண்ட முடிவு

இனி விடுதி வழக்கிற்கு வருவோம். வீட்ஸ்டோனாரின் சோதனைகளே அதற்குச் சான்று கூறுகின்றன.

முதலாவது, இரு கண்ணின் ஆற்றல் அண்மைப் பொருளிடத்தே மிகுதி. தொலைவில் அது தேய்ந்து ஒழியும். ஆகவே, தொலைமலையும் தேரோட்டமும் காட்டும் விளையாட்டிற்கு இரட்டைப் படத்தால் வரும் பயன் சிறிது. கைக்கெட்டும் தொலைவில் பந்தைப் பிடித்தலும் பொருளைப் பொருத்துதலும் போன்ற விளையாட்டிற்கோ பயன் பெரிது. ஒவ்வொரு காட்சியையும் இருமுறை வரைய வேண்டுதலின் பெட்டிக்கு உழைப்பும் மிகும். அவ்வுழைப்பை எங்கே செலவிடுவது என்பதை விளையாட்டின் தன்மையே உணர்த்தல் வேண்டும்.

இரண்டாவது, 1852 ஆம் ஆண்டில் அவர் பிரித்துக் காட்டிய இரு செயல்களும் இன்றைய திரைகளில் நாள்தோறும் பிரிகின்றன. கண்ணின் வில்லை திரையின் தொலைவிலே நிற்க, இரு கண்களோ பொய்த்தோற்றத்தின் தொலைவிற்கேற்பக் குவிகின்றன. சிலர்க்குக் கண் நோவும் தலை நோவும் வருவதற்கு இம்முரண் ஒரு காரணம். அவர் ஆராய்ச்சிக்காகச் சிறிது நேரம் செய்ததை, சிறுவர் பொழுதுபோக்கிற்காகப் பல மணி நேரம் செய்கின்றனர். ஆதலின் குறைக்கவும் அணைக்கவும் இயலாத திண்மைக் காட்சி வீட்டிற்கு ஏற்றதன்று.

மூன்றாவது, எம் அறைத்தோழரைப் பற்றியது. சில திங்களுக்குப் பின் வேறோர் அன்பர், தலையில் அணியும் காட்சிக் கருவி ஒன்றை விடுதிக்குக் கொணர்ந்தார். சோனி 2016 ஆம் ஆண்டில் தன் வீட்டுப் பெட்டிக்கென வெளியிட்டது இவ்வகையினதே. அணிந்தவர் தலை எவ்வாறு அசைகின்றதோ அதனை அளந்து, அதற்கேற்பக் காட்சியையும் மாற்றுவது அதன் இயல்பு. தோழரை அணியுமாறு வேண்டினோம். முன்னைய நிகழ்ச்சியை நினைந்து அவர் தயங்கினார். அணிந்தபின் தலையை மெல்லப் பக்கவாட்டிற் சாய்த்தார். காட்சியிலுள்ள தூண் விலகிப் பின்சுவர் வெளிப்பட்டது. மீண்டும் சாய்த்தார், கையை நீட்டினார், நெடுநேரம் அதனைக் கழற்றினாரல்லர். இரட்டைப் படத்தால் அவர்க்குப் பயனில்லை. தலையசைவு அவர்க்கு ஆழத்தைத் தந்தது. 1838 ஆம் ஆண்டிலே வீட்ஸ்டோனார் எழுதியது எம் அறையிலே மெய்யாயிற்று.

ஆகவே எம் முடிவு இது: வருங்கால வீட்டு விளையாட்டுப் பெட்டியில் திண்மைக் காட்சிக்கு இடம் உண்டு, ஆனால் தலைவாயிலில் நின்று தடுக்கும் காவலனாக அன்று. அண்மைப் பொருளைக் கையாளும் விளையாட்டிலே அது வருக. வேண்டாதார் அணைக்கும் உரிமையோடு வருக. தலையசைவை உணரும் ஆற்றலையும் உடன்கொண்டு வருக. ஒரு கண்ணுடையாரும் ஆடி வெல்ல இயலாத விளையாட்டு, நால்வர் கூடும் கூடத்தில் மூவர்க்கே உரியதாகிவிடும். இரு சாராரும் இதனை முழுதும் ஏற்றாரல்லர். எனினும் சொற்போர் அன்றைய அளவிற்கு வெம்மை உடையதாய் இல்லை.

இக்கட்டுரையை முதலில் அறைத்தோழர்க்கே படித்துக் காட்டினோம். அவர் வினவியது ஒன்றே. இரு கண்ணும் நலமுற்றிருந்த வீட்ஸ்டோனார் ஒற்றைக் கண்ணர் தலையசைக்கும் இயல்பை எவ்வாறு அறிந்தார் என்றார். அத்தகையோர் ஒருவரை உற்று நோக்கினாரோ, தாமே ஒரு கண்ணை மூடி நடந்து பார்த்தாரோ, யாம் அறியோம். அன்று மாலை யாமும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு விடுதித் தாழ்வாரத்தில் நடந்து பார்த்தோம். படிக்கட்டை அணுகியபோது, எம்மை அறியாமலே எம் தலை அசைந்தது.